அபசுரத்தையும் தாங்கும் பேரிசை: அற்புதப் புனைகதைகளில் பிறந்த இசைபற்றி ஓர் இறையியல் நோக்கு

முன்னுரை

இசையைத் திருச்சபை என்றும் அன்போடும் அச்சத்தோடுமே நோக்கி வந்துள்ளது. பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம் நெஞ்சை மிகுதியாக ஈர்த்துவிடுகிறதே என்று அகஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் வருந்துகிறார். லூத்தரோ இறையியலுக்கு அடுத்த இடத்தை இசைக்கு அளித்தார். தாமே பல கருவிகளை மீட்ட வல்லவராயிருந்த சுவிங்ளி, சூரிச் நகர வழிபாட்டிலிருந்து இசையையே அகற்றினார். மூவரும் ஒரே திருமறையைப் படித்தவர்கள்; இசையின் ஆற்றலை மூவரும் உணர்ந்தவர்கள். அவ்வாற்றலை யாரிடம் ஒப்படைப்பது என்பதிலேயே அவர்கள் வேறுபட்டனர்.

இந்தப் பழைய வினா இக்காலத்தில் புதியதொரு வடிவில் எழுந்துள்ளது. மேலைநாடுகளில் அற்புதப் புனைகதைகளையும், அவற்றைப் பின்பற்றித் தோன்றிய மேசை விளையாட்டுகளையும் அடிப்படையாகக் கொண்டு ஒரு பெரும் இசைத்தொகுதி வளர்ந்திருக்கிறது. மாயக்காரரும் வலுசர்ப்பங்களும் இருண்ட கோட்டைகளும் அதன் பாடுபொருள்கள். இதனை நம் இளைஞர் கேட்கலாமா என்று பெற்றோர் ஆயரிடம் வினவும்போது, 'இது சாத்தானுடையது' என்பதும், 'வெறும் பொழுதுபோக்குத்தானே' என்பதும் எளிதில் கிடைக்கும் இரு விடைகள். இரண்டும் ஆராயாமல் அளிக்கப்படும் விடைகளே. இவ்விசை தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாக விளக்கி, அதனைப் பகுத்தறிவதற்கான அளவுகோல்களை நாடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கதையும் விளையாட்டும் இசையும்

இவ்விசையின் ஊற்றுக்கண்களில் தலையாயது ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) எழுதிய நூல்களாகும். 'த ஹாபிட்' 1937 இலும், 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்னும் பெருநூல் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாகவும் வெளிவந்தன. டோல்கீன் பற்றுறுதியுள்ள கத்தோலிக்கர். தாம் படைத்த உலகில் அவர் ஆலயத்தையோ வழிபாட்டு முறையையோ பெரும்பாலும் காட்டவில்லை. ஆயினும் அக்கதை அடிப்படையில் சமயத்தன்மை உடையதென்று தம் கடிதம் ஒன்றில் குறிப்பிட்டார்.

இந்நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறையில் தோன்றியதே பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974 இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் முதலாவதாக வணிகமுறையில் வெளிவந்தது. 'நிலவறைகளும் வலுசர்ப்பங்களும்' என்று அதன் பெயரைப் பெயர்க்கலாம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடத்துநராயிருந்து, கற்பனை உலகொன்றைச் சொற்களால் விவரிப்பார். மற்றவர் ஒவ்வொருவரும் வீரன், மாயக்காரன், குருவானவர், திருடன் என ஒரு பாத்திரத்தை ஏற்று, 'நான் இப்பொழுது இன்னது செய்கிறேன்' என்பார். செயல் வெற்றி பெறுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதையைக் கூடிக் கட்டுவதே ஆட்டத்தின் பயன். ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பது இதில் இன்றியமையாததன்று. இவ்விளையாட்டு டோல்கீனுக்கு எவ்வளவு கடன்பட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு: உரிமை பற்றிய எதிர்ப்பு எழுந்தபோது, அவர் படைத்த சில இனங்களின் பெயர்களை விளையாட்டு நூல்களிலிருந்து மாற்ற நேர்ந்தது.

இதில் இசை எவ்வாறு நுழைந்தது? இவ்விளையாட்டுக்கு மேடையில்லை, திரைச்சீலையில்லை, வேடமும் தேவையில்லை. சொல்லும் செவியுமே அங்குள்ளவை. ஆகவே காட்டின் அமைதியையும் நிலவறையின் அச்சத்தையும் கேட்போர் உள்ளத்தில் எழுப்ப இசை துணையாயிற்று. 2003 இல் 'மிட்நைட் சிண்டிகேட்' என்னும் அமெரிக்க இசைக்குழு, இவ்விளையாட்டின்போது ஒலிக்கச் செய்வதற்கென்றே உரிமையாளரின் ஒப்புதலோடு ஓர் இசைத்தட்டை வெளியிட்டது.

கதைகளிலிருந்து நேரே பிறந்த இசை அதற்கும் முந்தியது. சுவீடன் நாட்டுப் பூ ஹான்சன் 1970 இல் டோல்கீனின் பெருநூலை முழுவதும் கருவியிசையாக்கினார். டச்சு நாட்டு யோஹான் டெ மெய் காற்றுக்கருவி இசைக்குழுவுக்கென இயற்றிய ஐந்து பகுதிகள் கொண்ட சிம்பொனி 1988 இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் அரங்கேறியது. அதன் இறுதிப் பகுதி ஆடல் இசையோடு தொடங்கி, ஞானப்பாட்டை ஒத்த ஒரு கம்பீரமான பண்ணாக மாறி, ஆரவாரமின்றி அமைதியில் முடிகிறது. ஜெர்மானிய 'பிளைண்ட் கார்டியன்' குழு 1998 இல் டோல்கீனின் 'சில்மரில்லியன்' கதைகளை வன்மையான ராக் இசையில் அமைத்தது. ஹோவர்ட் ஷோர் 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று திரைப்படங்களுக்கு அமைத்த இசை உலகெங்கும் அறியப்பட்டது.

2. பன்யனின் பாட்டும் பூதமும்

கற்பனைக் கதையிலிருந்து பாட்டு பிறப்பது திருச்சபைக்குப் புதியதன்று. ஜான் பன்யனின் 'மோட்சப் பயணம்' 1678 இல் வெளிவந்தது. அதில் அரக்கரும் சிங்கங்களும் அப்பொல்லியோன் என்னும் கொடிய பகைவனும் உண்டு. அதனைத் தழுவி நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894 இல் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' வெறும் காப்பியமாக நின்றுவிடவில்லை. தேவாரம் என்னும் பெயரிலேயே பக்திப் பாடல்களைத் தன்னுள் கொண்டு விளங்குகிறது. பயணக்கதை ஒன்று தமிழ்மண்ணுக்கு வந்தபோது இசையை நாடியது தற்செயலன்று. பயணிக்குப் பாட்டு வேண்டும்.

பன்யனின் நூலில் 1684 இல் வந்த இரண்டாம் பகுதியில் பயணியின் உறுதியைப் புகழும் பாடல் ஒன்றுண்டு. எப்பூதமும் எப்பேயும் அவன் உள்ளத்தைக் கலக்க முடியாது என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. 1906 இல் வெளிவந்த 'இங்கிலீஷ் ஹிம்னல்' என்னும் பாடல் தொகுப்பில் இதனைச் சேர்த்த பெர்சி டியர்மர், சிங்கத்தையும் பூதத்தையும் நீக்கித் திருத்தினார். அரக்கரை மட்டும் விட்டுவைத்தார். சபையார் ஆலயத்தில் நின்று பாடுதற்குப் பூதம் ஏற்றதன்று என்பது அவர் எண்ணம் போலும். இசைப்புலவர் வான் வில்லியம்ஸ், சசெக்ஸ் நாட்டுப்புறத்தில் கேட்ட மெட்டொன்றை இதற்கு அமைத்தார். பின்னர் அவர் பன்யனின் நூல் முழுவதையும் இசைநாடகமாக்கி 1951 இல் இலண்டனில் அரங்கேற்றினார்.

ஆனால் அத்துடன் செய்தி முடியவில்லை. பிற்காலப் பாடல் தொகுப்புகள் சில, பன்யனின் மூலச் சொற்களையே மீட்டன. பூதம் மீண்டும் ஆலயத்துக்குள் வந்தது. அது வந்ததனால் யாருடைய விசுவாசமும் குலையவில்லை. பூதத்தை எதிர்த்து நிற்பவனின் உறுதி பாட்டில் தெளிவாயிற்று. தீமைக்குக் கற்பனை உருவம் கொடுப்பது வேறு, தீமையைப் போற்றுவது வேறு என்னும் உண்மையை நம் சொந்தப் பாடல் மரபே நமக்குக் கற்பிக்கிறது.

3. திருச்சபையின் ஒரு தவறு

இவ்வேறுபாட்டை மறந்தபோது நேர்ந்தது என்ன என்பதையும் நாம் ஒளிக்கலாகாது. 1979 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமற்போனார். பல்கலைக்கழகக் கட்டடங்களின் அடியிலுள்ள சுரங்கங்களில் மேற்கூறிய விளையாட்டை ஆடியதே காரணமென்று செய்தி பரவியது. அது உண்மையன்று, மனச்சோர்வினால் துன்புற்றிருந்த இளைஞர் அவர். மறு ஆண்டு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1983 இல், தற்கொலையால் தம் மகனை இழந்த தாய் ஒருவர் இவ்விளையாட்டுக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கினார். 1984 இல், விளையாட்டு சூனியத்துக்கு வாயில் என்று கூறும் படக்கதைத் துண்டுப்பிரசுரம் ஒன்று வெளிவந்து, பல சபைகளில் வழங்கப்பட்டது. ராக் இசைத்தட்டுகளும் அதே குற்றச்சாட்டுக்கு உள்ளாயின.

விளையாட்டே இளைஞரைத் தற்கொலைக்குத் தூண்டியது என்பது பின்னர் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. மகனை இழந்த தாயின் துயரம் மெய்யானது. மாணவரின் மனச்சோர்வும் மெய்யானது. அத்துயரத்தின் அருகே அமர வேண்டிய திருச்சபையில் பலர், எளிதில் சுட்டக்கூடிய ஒரு பொருளைச் சுட்டிவிட்டு ஓய்ந்தனர். பகடையையும் இசைத்தட்டையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியபோது, தனிமையில் வாடிய இளைஞர் கேட்பாரற்றுப் போயினர். ஆயர் ஆராயாமல் கண்டிக்கும்போது, அவர் பின்னொருநாள் ஆராய்ந்து கண்டிப்பதையும் இளைஞர் கேளார்.

4. படைப்பு ஓர் இசையாக

பகுத்தறிவதற்கு வேண்டிய அளவுகோலைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. டோல்கீனிடமே அது உள்ளது. அவர் மறைந்தபின் அவருடைய மகன் பதிப்பித்து 1977 இல் வெளியிட்ட 'சில்மரில்லியன்', 'ஐனுலிந்தாலே' என்னும் படைப்புக் கதையோடு தொடங்குகிறது. அதன் முதல் வடிவத்தை அவர் முதல் உலகப்போர் முடிந்தவுடன், ஆக்ஸ்ஃபர்ட் அகராதிப் பணியிலிருந்த நாள்களிலேயே எழுதினார். சொம் ஆற்றங்கரைப் போர்முனையிலிருந்து திரும்பியவர் அவர். போர் அவருடைய நெருங்கிய நண்பரைக் கொன்றிருந்தது.

இக்கதையில் ஒரே இறைவனாகிய இலூவதார், வானவரைப் படைத்து அவர்களுக்கு ஓர் இசைக்கருவை அளித்து, அதனை விரித்து இசைக்கச் சொல்கிறார். வானவருள் ஆற்றல் மிக்கவனாகிய மெல்கோர், இறைவன் தந்த கருவோடு இணங்காத தன் எண்ணங்களை அதில் புகுத்துகிறான். அபசுரம் எழுகிறது. அருகிலிருந்தோர் சிலர் சோர்ந்து வாய்மூடுகின்றனர். சிலர் தம் சுருதியை அவனுக்கே இசைவித்துக் கொள்கின்றனர். இறைவன் இசையை நிறுத்தவில்லை; இரண்டாம் கருவையும், பின்னர் மூன்றாம் கருவையும் எழுப்புகிறார். மூன்றாவது மென்மையாகத் தொடங்கி, அடக்க முடியாததாய் வளர்கிறது. அதன் அழகு துயரத்திலிருந்தே பிறக்கிறது. மெல்கோரின் இசையோ உரத்தது, வறியது, சில சுரங்களையே மீண்டும் மீண்டும் முழக்குவது. அவனுடைய வெற்றி முழக்கங்களையும் அம்மூன்றாம் இசை தன்னுள் ஏற்றுத் தன் அமைதியான நடைக்கு அணியாக்கிக் கொள்கிறது.

விடியற்கால விண்மீன்கள் ஒன்றுகூடிப் பாடியதைக் கூறும் யோபு 38:7 இங்கு நம் நினைவுக்கு வரும். எனினும் ஒற்றுமையோடு வேற்றுமையும் நோக்கத்தக்கது. திருமறையில் படைப்பு இறைவனின் சொல்லால் ஆயிற்று. டோல்கீனின் கதையிலும் இசை மட்டும் உலகைத் தோற்றுவிப்பதில்லை, இறைவன் உரைக்கும் ஒரு சொல்லே அதற்கு இருப்பைத் தருகிறது. வானவர் படைப்போர் அல்லர், பெற்றதை விரிப்போர். மனிதக் கலையையும் டோல்கீன் அவ்வாறே கண்டார். 1939 இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், கதை கட்டுவோனின் செயலை 'வழிப்படைப்பு' என்று நாம் பெயர்க்கத்தக்க சொல்லால் குறித்தார். இறைச்சாயலில் படைக்கப்பட்டவன் ஆதலால் மனிதன் உலகங்களைக் கற்பனை செய்கிறான். பெற்ற பொருளைக் கொண்டே செய்கிறான் ஆதலால் அவன் இறைவன் அல்லன்.

இங்கு இறையியல் மாணவர் ஓர் ஐயத்தை எழுப்புதல் தகும். தீமையும் இறுதியில் பேரிசைக்கு அணியாகுமெனில், துன்புறுவோரின் அழுகை வெறும் அணிதானா? தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' புதினத்தில் இவான் எழுப்பும் வினா இதுவே. வதைக்கப்பட்ட ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொண்ட இசைவு தனக்கு வேண்டாமென அவன் மறுக்கிறான். இவ்வினாவைக் கேளாதார்போல் கடந்து செல்லும் எந்த அழகியலும் கிறிஸ்தவ அழகியல் ஆகாது. டோல்கீனின் கதை இதற்கு முழுவிடை அளிப்பதாகக் கொள்ள முடியாது. ஆனால் மூன்றாம் இசையின் அழகு துயரத்தைக் கடந்தோ மறந்தோ வருவதன்று, துயரத்திலிருந்தே வருவது என்று அது கூறுவதில் சிலுவையின் சாயல் உண்டு. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் உடலில் ஆணித் தழும்புகள் அழியாதிருந்தன என்பதை யோவான் நற்செய்தி நமக்கு நினைவூட்டுகிறது.

5. ஒரே நூல், இரு இசைகள்

இக்கருத்து வெறும் கோட்பாடன்று என்பதை வரலாறு காட்டுகிறது. டோனல்ட் ஸ்வான் என்னும் பிரித்தானிய இசைப்புலவர், இரண்டாம் உலகப்போரில் மனச்சான்றின் காரணமாகப் படைக்கலம் ஏந்த மறுத்து, நண்பர் சபையாரோடு தொடர்புடைய மருத்துவ ஊர்திப் பிரிவில் பணிபுரிந்தவர். டோல்கீனின் பாடல்கள் ஏழுக்கு இசையமைத்து 1967 இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று நாடிழந்த அரசியொருத்தி பாடும் பிரிவுப் பாடல். அதற்கு ஸ்வான் முதலில் அமைத்த மெட்டு டோல்கீனுக்கு ஒவ்வவில்லை. தம் செவியில் ஒலித்த மெட்டை அவரே முணுமுணுத்துக் காட்டினார். அது கிரெகோரிய வழிபாட்டுப் பண்ணை ஒத்திருந்தது. ஸ்வான் தம் மெட்டை விட்டு அதனையே ஏற்றார். துறவியர் ஆலயங்களில் ஒலித்துவந்த பண், கற்பனை நாட்டு அரசியின் புலம்பலுக்கு உருவாயிற்று. பெற்றதைப் பணிவோடு விரிக்கும் செயல் இதுவே.

அதே நூலிலிருந்து மற்றோர் இசையும் பிறந்தது. நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் 1991 இல் வார்க் விகெர்னெஸ் என்னும் இளைஞர் 'பர்ஸும்' என்ற பெயரில் தனியொருவராகவே இசைக்கத் தொடங்கினார். டோல்கீன் தீயோருக்கென ஆக்கிய மொழியில் 'இருள்' என்பது அச்சொல்லின் பொருள்; மோதிரத்தின்மேல் பொறிக்கப்பட்ட வாசகத்தில் அது வருகிறது. பெர்கனிலுள்ள ஃபான்டாஃப்ட் ஆலயம், பன்னிரண்டாம் நூற்றாண்டின் மரவேலைப்பாட்டுக்குப் பெயர்பெற்றது. அது 1992 ஜூன் 6 ஆம் நாள் தீக்கிரையாயிற்று. அவ்வாலயத்துக்கு எரியூட்டிய குற்றம் விகெர்னெஸ்மேல் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அதன் கருகிய எச்சத்தின் படத்தைத் தம் 1993 ஆம் ஆண்டு இசைத்தட்டின் முகப்பில் அவர் வெளியிட்டார். வேறு மூன்று ஆலயங்களுக்கு எரியூட்டியதற்காகவும், சக இசைக்கலைஞர் ஒருவரைக் கொன்றதற்காகவும் 1994 இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இதற்கு டோல்கீனின் நூலைக் குற்றஞ்சாட்டலாமா? இயலாது. அந்நூல் இருளை வெல்வதையே பாடுகிறது. அவர் அதிலிருந்து இருளை மட்டும் பிரித்தெடுத்துத் தம் பெயராக்கினார். கிறிஸ்தவம் தம் நாட்டில் புகுந்த அயல்சமயம் என்னும் பகைமையும் அதனுடன் சேர்ந்தது. அப்படியாயின், இருண்ட ஒலியுடைய இசையெல்லாம் தீயதா? அதுவும் இல்லை. எண்பத்தெட்டாம் சங்கீதம் எபிரேய மூலத்தில் இருள் என்னும் பொருளுடைய சொல்லோடு முடிகிறது. ஆறுதல் மொழி ஒன்றும் அதனைத் தொடர்வதில்லை. எனினும் அச்சங்கீதக்காரன் இருளிலிருந்து இறைவனை நோக்கிக் கூப்பிடுகிறான். இருளைப் பாடுவதில் அன்று, இருளில் நின்று யாரை நோக்கிப் பாடுகிறோம் என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

6. பகுத்தறிதற்கான வினாக்கள்

எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பற்றிக்கொள்ளுமாறு பவுலடியார் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். அதன்படி மூன்று வினாக்களை முன்வைக்கலாம்.

முதலாவது, இவ்விசை பிறரோடு இணங்கி ஒலிக்கிறதா, பிற குரல்களை அடக்க முனைகிறதா? மெல்கோரின் பிழை புதுமை செய்ததில் இல்லை. தன் குரலே கேட்க வேண்டுமென்று விரும்பியதில் உள்ளது. பிளைண்ட் கார்டியன் குழு நாடோடிப் பாணரைப் பற்றிய தம் பாடலொன்றைத் தொடங்கும்போது, அரங்கில் கூடியோர் அனைவரும் அதனை முழுவதும் தாமே பாடிவிடுவது வழக்கம். ஆயிரக்கணக்கான இளைஞர் புத்தகமின்றி ஒருமித்துப் பாடும் காட்சி, பாடகர் குழு மட்டும் பாட வாளாவிருக்கும் சபைகளுக்கு நாணம் தருவதாகும்.

இரண்டாவது, துயரத்தை இவ்விசை என்ன செய்கிறது? அதனைச் சுமக்கிறதா, சுவைக்கிறதா? தோல்வியையும் பிரிவையும் உண்மையோடு ஒலிக்கும் இசை, அழத் தெரியாதவனுக்கு அழக் கற்றுத்தரும். பிறருடைய அழிவைக் கண்டு மகிழும் இசை, எவ்வளவு இனிமையாயினும், அபசுரமே.

மூன்றாவது, கேட்டபின் இவ்விசை நம்மை எங்கே அனுப்புகிறது? கற்பனை என்பது உலகைவிட்டு ஓடுதல் என்று குறை கூறுவோர்க்கு டோல்கீன் அளித்த விடை சிந்திக்கத்தக்கது. சிறைப்பட்டவன் தன் வீட்டை நினைந்து தப்ப விரும்புவதும், படைவீரன் களத்தைவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்றார் அவர். நீதியுள்ள உலகைக் கற்பனையில் கண்டவன், நீதியற்ற உலகோடு சமாதானம் செய்துகொள்ள மாட்டான். ஆனால் கற்பனையிலேயே குடியேறிவிட்டவன் அண்டை வீட்டாரின் பசியைக் காணான். ஒரே இசை இருவரையும் உருவாக்கக்கூடும். ஆகவே இவ்வினாவை இசைத்தட்டிடம் கேட்க இயலாது. கேட்கும் இளைஞரோடு அமர்ந்துதான் கேட்க இயலும்.

முடிவுரை

ஃபான்டாஃப்ட் ஆலயம் மீண்டும் கட்டப்பட்டு 1997 இல் நிறைவுற்றது. எரிந்த பழைய மரம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும் பழைய வடிவத்தைப் புதிய மரத்தில் தச்சர் எழுப்பினர். அபசுரத்துக்குத் திருச்சபை அளிக்க வேண்டிய விடையும் இத்தன்மையதே. உரத்த முழக்கத்தை அதனினும் உரத்த முழக்கத்தால் அடக்க முயன்றால், நாமும் மெல்கோரின் சுருதிக்கே இசைந்தவர்களாவோம்.

ஆகவே ஆயரிடம் பெற்றோர் வினவும்போது, தீர்ப்புக் கூறுவதற்கு முன் அவ்விசையை அவ்விளைஞரோடு ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று. அவர் எவ்விடத்தில் உள்ளம் உருகுகிறார், எவ்விடத்தில் சினங்கொள்கிறார் என்பதை அப்பொழுது அறியலாம். ஆயர்பணி அந்த இடத்திலேயே தொடங்குகிறது.